தண்ணீர் ஊற்றியவருக்குப் பங்கில்லாத தோட்டம்

தில்லி மண்டி ஹவுஸ் பகுதியில், ரவீந்திர பவன் வளாகத்தில் உள்ள மேகதூத் திறந்தவெளி அரங்கில் 1983-ஆம் ஆண்டு ஒரு ருஷிய நாடகம் ஹிந்தியில் நடைபெற்றது. ஆண்டன் செகாவின் "செர்ரித் தோட்டம்", "செர்ரி கா பகீச்சா" ஆகியிருந்தது. நடித்தவர்கள் தேசிய நாடகப் பள்ளியின் ரெபர்ட்டரி குழுவினர். இயக்கியவர் அமெரிக்கரான ரிச்சர்ட் ஷெக்னர். பார்க்க வந்தவர்களில் பெரும்பாலோர் பூத்து நிற்கும் செர்ரி மரத்தை வாழ்நாளில் ஒருமுறைகூடப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆயினும், அந்தக் கதையில் தில்லிவாசிகளுக்கு விளக்க வேண்டியது எதுவும் இருந்திருக்காது. தீராத கடன், நெருங்கிவரும் ஏல நாள், முடிவெடுக்க இயலாமல் பழங்கதை பேசும் அண்ணனும் தங்கையும், "மரங்களை வெட்டிவிட்டு மனைகளாகப் பிரியுங்கள், கடனும் தீரும், வருமானமும் வரும்" என்று மீண்டும் மீண்டும் யோசனை சொல்லும் வியாபாரி. இவர்கள் அனைவரும் தலைநகரின் எந்தக் குடியிருப்புக் காலனியிலும் காணக் கிடைப்பவர்கள்தாம்.

தெற்கு தில்லியில் பிரிவினைக்குப் பின்னர் உருவான காலனிகளில், முன்புறம் புல்வெளியும் பின்புறம் இரண்டொரு பழமரங்களுமாக எழுந்தவை "கோட்டி" எனப்படும் தனி வீடுகள். வீட்டைக் கட்டிய தந்தை மறைந்த பிறகு, பிள்ளைகள் கூடிப் பேசும் பேச்சு ஏறக்குறைய எல்லா வீடுகளிலும் ஒன்றுபோலவே முடிகிறது. கட்டுமான ஒப்பந்ததாரர் ஒருவர் வருகிறார். பழைய வீட்டை இடித்து, தூண்களின்மீது நான்கு தளங்கள் எழுப்புகிறார். தளங்கள் சகோதரர்களுக்குள் பங்கிடப்படுகின்றன. ஒரு தளம் ஒப்பந்ததாரருக்கு. தோட்டம் இருந்த இடம் கார் நிறுத்துமிடமாகிறது. செகாவின் நாடகத்தில் லோபாகின் சொல்லும் யோசனை இதுவேதான். அவர் கோடைக்கால விடுதி வீடுகள் என்றார். இங்கே அது "பில்டர் ஃப்ளோர்" என்று அழைக்கப்படுகிறது.

வீட்டுத் தோட்டத்தை வைத்துக் குடும்பப் பூசலைச் சொல்லும் நாடகங்கள் இந்திய மொழிகளில் கணிசமாகவே உள்ளன. அவற்றை அழகியல் நோக்கில் எழுதியவர்கள் பலர். மலர், பருவம், இழந்த இளமை என்று அந்தத் தோட்டங்களுக்குப் பொருள் சொல்வது எளிது. ஆனால், இந்தப் படைப்புகளைச் சற்றே கூர்ந்து நோக்கினால் தோட்டம் ஒரு சொத்துத் தகராறின் களமாகவே தென்படுகிறது. செடிக்குத் தண்ணீர் ஊற்றியவர் ஒருவர். அதன் கதியைத் தீர்மானிப்பவர் மற்றொருவர். தண்ணீர் ஊற்றியவர் பெரும்பாலும் பெண்.

செகாவிலேயே இது தொடங்கிவிடுகிறது. 1904 ஜனவரியில் மாஸ்கோ கலை அரங்கில் முதன்முறையாக நடந்த அந்த நாடகத்தில் வீட்டையும் தோட்டத்தையும் நடைமுறையில் காப்பாற்றிவருபவர், நில உரிமையாளரான ரனேவ்ஸ்காயாவின் வளர்ப்பு மகள் வார்யா. வீட்டுச் சாவிக்கொத்து அவர் இடுப்பில் இருக்கிறது. வேலையாள்களுக்குச் சோறு போடுவதும், செலவை இழுத்துப் பிடிப்பதும் அவரே. ஆகஸ்ட் 22-ஆம் தேதி ஏலத்தில் தோட்டத்தை வாங்கியவர், அதே பண்ணையில் கொத்தடிமைகளாக இருந்தவர்களின் வழிவந்த லோபாகின் என்று தெரிந்த கணத்தில், வார்யா சாவிக்கொத்தைக் கழற்றித் தரையில் எறிந்துவிட்டுப் போகிறார். சொத்தில் அவருக்கு இருந்த ஒரே அடையாளம் அந்தச் சாவிதான். லோபாகின் அவரை மணந்துகொள்ளக்கூடும் என்ற பேச்சும் கடைசியில் ஒன்றுமில்லாமல் போகிறது. அடிமை வழிவந்தவன் ஆண்டைகளின் நிலத்தை வாங்குவது வரலாற்றின் நியாயம் என்று அரசியல் வாசகர் மகிழலாம், மகிழவும் வேண்டும். அந்த நியாயத்தில் வார்யாவுக்கு இடம் கிடைக்கவில்லை என்பதையும் செகாவ் மறைக்கவில்லை.

செர்ரி மாமரமானது

இந்த நாடகத்தை இந்திய மண்ணுக்கு முழுமையாகப் பெயர்த்தவர் வங்கத்தின் அஜிதேஷ் பந்தோபாத்யாய். கல்கத்தாவின் "நந்திகார்" நாடகக் குழு 1964-இல் மேடையேற்றிய "மஞ்சரி ஆமேர் மஞ்சரி"யில் செர்ரி மரங்கள் மாமரங்களாயின. தலைப்பே மாம்பூங்கொத்தைக் குறிப்பது. வெறும் மரப் பெயர் மாற்றமன்று இது.

ஏன் மாந்தோப்பு என்பதற்கு நிலச் சட்டத்திலும் ஒரு விடை உண்டு. மேற்கு வங்கத்தில் ஜமீன் முறையை ஒழித்த 1953-ஆம் ஆண்டு எஸ்டேட் கையகப்படுத்தும் சட்டம், ஜமீன்தார்கள் உள்ளிட்ட இடைநிலை உரிமையாளர்களின் நிலங்களை அரசுக்கு மாற்றியது. ஆனால், அதன் 6-ஆவது பிரிவு சிலவற்றை அவர்களே வைத்துக்கொள்ள அனுமதித்தது. குடியிருக்கும் மனை, மீன் வளர்க்கும் குளம், தேயிலைத் தோட்டம், பழத்தோட்டம் ஆகியவை அந்தப் பட்டியலில் உண்டு. குத்தகை வசூலும் அதிகாரமும் போன பின்னர், பழைய குடும்பங்களின் கையில் எஞ்சியவற்றுள் ஒன்று மாந்தோப்பு. ஒரு வர்க்கத்தின் கடைசிக் கைப்பிடி நிலமாக அதைக் கல்கத்தாப் பார்வையாளர்கள் அடையாளம் கண்டிருப்பார்கள். நாடகம் வந்த 1964-இல் அந்த நினைவுக்குப் பத்தாண்டு வயதுகூட நிறைந்திருக்கவில்லை.

வங்கத்துக்கு இந்தத் தோட்டச் சிக்கல் புதிதன்று. ரவீந்திரநாத் தாகூர் 1901-இல் எழுதிய "நஷ்டநீட்" குறுநாவலில், சாருலதாவும் அவள் கணவனின் தம்பி முறையாகும் அமலும் நெருங்கிப் பழகுவதற்கு முதல் காரணமே ஒரு தோட்டம்தான். வீட்டின் உள்கட்டுக்குப் பின்னால் கிடக்கும் சிறு நிலத்தில், புளிப்புக் காய் தரும் ஒரே ஒரு "பிலாத்தி ஆம்டா" மரம் நிற்கிறது. அங்கே குளம் வெட்டலாம், படிக்கட்டு கட்டலாம், மான் வளர்க்கலாம் என்று இருவரும் திட்டம் போடுகிறார்கள். வரைபடம் தயாராகிறது, செலவுக் கணக்கும் பேசப்படுகிறது. தோட்டம் மட்டும் உருவாகவே இல்லை. கணவன் பூபதி ஆங்கிலப் பத்திரிகை நடத்துகிறார், நாட்டு அரசியலில் மூழ்கியிருக்கிறார். தன் வீட்டுப் பின்புறத்தில் என்ன நடக்கிறது என்பது அவர் கண்ணுக்குப் படவில்லை. சத்யஜித் ராய் இந்தக் கதையை "சாருலதா"வாகப் படமாக்கியதும் 1964-இல்தான். படத்தில் ஊஞ்சல் ஆடும் அந்தத் தோட்டக் காட்சியைத் திரைப்படச் சங்கங்கள் இன்றளவும் பேசித் தீர்க்கவில்லை. அரசியல் பேசும் ஆடவர்களுக்குப் பூபதி ஒரு நல்ல எச்சரிக்கை என்பது போகிறபோக்கில் சொல்லத்தக்கது.

தாகூரின் "மாலஞ்ச" இதைவிடக் கடுமையானது. 1934-இல் நூலாக வந்த இந்தப் படைப்பு பின்னர் மேடைக்கும் திரைக்கும் சென்றது. சொல்லப்போனால், நாவலாக இருக்கும்போதே அது ஒரு நாடகம்தான்: ஒரு நோய்ப் படுக்கை, ஒரு சாளரம், வெளியே ஒரு தோட்டம். ஆதித்யன் பூ வணிகம் செய்பவர். அவரும் மனைவி நீரஜாவும் சேர்ந்து வளர்த்தது அந்தத் தோட்டம். பிரசவத்தில் குழந்தையை இழந்து நீரஜா படுக்கையில் விழுகிறார். தோட்ட வேலையைக் கவனிக்க, கணவனின் உறவுப் பெண்ணான சரளா வருகிறார். தான் நட்ட செடிகளை வேறொரு பெண்ணின் கை தொடுவதைப் படுக்கையிலிருந்தபடி நீரஜா பார்க்க வேண்டியிருக்கிறது. தோட்டக்காரன் ஹலாவும் ஆயா ரோஷ்னியும் கொண்டுவரும் செய்திகளே அவருக்கு மீதமுள்ள ஆட்சி.

பொறாமைக் கதை என்று இதை ஒதுக்கிவிடலாம். ஆனால், தாகூர் அதற்குள் ஒரு கணக்கை வைத்திருக்கிறார். ஆதித்யனுக்குத் தோட்டக்கலையைக் கற்றுக்கொடுத்து, தொழில் தொடங்கக் கைகொடுத்தவர் சரளாவை வளர்த்த பெரியவர். ஆக, அந்தத் தோட்டத்தின் வேரில் சரளாவின் வீட்டு முதலும் இருக்கிறது. உழைப்பின் வழியே நீரஜாவுக்கு உரிமை உண்டு. முதலின் வழியே சரளாவுக்கு ஏதோ ஒரு பாத்தியதை உண்டு. உரிமையாளர் மட்டும் ஆதித்யன். இரு பெண்களும் ஒருவரையொருவர் எதிரியாகக் கருதிப் பொருதுகிறார்கள். இருவருக்கும் பொதுவான அந்த நிலைமையை இருவருமே பேசுவதில்லை. சரளா கடைசியில் சுதந்திரப் போராட்டத்தில் இறங்கிச் சிறை செல்கிறார். வீட்டிலும் தோட்டத்திலும் இடமில்லாத பெண்ணுக்குச் சிறையில் இடம் கிடைக்கிறது. மனம் மாறி அனைத்தையும் சரளாவுக்கே விட்டுக்கொடுக்கத் தீர்மானிக்கும் நீரஜா, இறுதிக் கணத்தில் அது இயலாமல் சீறி விழுந்து உயிர் துறக்கிறார். தியாகம் செய்யும் உத்தம மனைவியை எதிர்பார்த்த வாசகர்களுக்கு அந்த முடிவு எளிதில் செரித்திருக்காது. தாகூரின் நேர்மை அந்த முடிவில்தான் உள்ளது.

முற்றத்தில் துருப்பிடித்த டிராக்டர்

மராத்தி மேடையில் இந்தச் சச்சரவு தோட்டத்திலிருந்து முற்றத்துக்கு நகர்கிறது. மகேஷ் எல்குஞ்ச்வாரின் "வாடா சிரேபந்தி" 1985-இல் விஜயா மேத்தாவின் இயக்கத்தில் மேடையேறியது. விதர்ப்பாவின் ஒரு கிராமத்தில் தேஷ்பாண்டே குடும்பத்தின் பழைய கல் வீடு. குடும்பத் தலைவர் இறந்துவிட்டார். ஈமச் சடங்குக்கு யார் செலவழிப்பது, நகைகள் எங்கே, வீட்டை என்ன செய்வது என்பன கேள்விகள். மும்பையிலிருந்து இளைய மகன் மனைவியுடன் வந்திருக்கிறார். முற்றத்தில் துருப்பிடித்த டிராக்டர் ஒன்று நிற்கிறது. உழவுக்கென வாங்கி உழாமல் போன அந்த இயந்திரம், வீட்டின் நிலைமையை எந்த வசனத்தையும்விடத் தெளிவாகச் சொல்லிவிடுகிறது.

இந்தக் குடும்பத்தில் பிரபா என்ற மகள் இருக்கிறார். படிக்க விரும்பியவர். வெளியூர் சென்று படிக்கத் தந்தை அனுமதிக்கவில்லை. மணமாகாமலே வயது கடந்துபோகிறது. நகைகளில் தனக்கு ஒரு பங்கு கிடைத்தால் இனியேனும் படிக்கலாம் என்பது அவரது எண்ணம். அந்த நகைகளோ, அடுத்த தலைமுறைப் பெண்ணான ரஞ்சு, தனக்குப் பாடம் சொல்லித்தந்த ஆசிரியருடன் வீட்டை விட்டு ஓடும்போது உடன் போய்விடுகின்றன.

பிரபா நீதிமன்றம் சென்றிருக்க முடியாதா என்று கேட்பவர்கள் அன்றைய சட்டத்தைப் பார்க்க வேண்டும். 1956-ஆம் ஆண்டின் ஹிந்து வாரிசுரிமைச் சட்டம் தந்தையின் சொத்தில் மகளுக்குப் பங்கு தந்தது உண்மை. ஆனால், அதன் 23-ஆவது பிரிவு ஒரு பூட்டையும் வைத்திருந்தது. குடும்பத்தினர் குடியிருக்கும் வீட்டைப் பொருத்தமட்டில், ஆண் வாரிசுகள் தங்கள் பங்குகளைப் பிரித்துக்கொள்ள முன்வரும்வரை, பெண் வாரிசு பாகப்பிரிவினை கோர முடியாது. மணமாகாதவர், கணவனை இழந்தவர், கணவனால் கைவிடப்பட்டவர், பிரிந்து வாழ்பவர் ஆகியோருக்கு அந்த வீட்டில் தங்கும் உரிமை மட்டும் உண்டு. மணமாகிக் கணவனுடன் வாழும் மகளுக்கு அதுவும் இல்லை. ஆண் வாரிசு ஒருவரே இருந்தாலும் இந்தத் தடை பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் கூறியது. பாகப்பிரிவினை வழக்குகளில் "குடியிருப்பு வீடு" என்ற சொல்லுக்கு நீதிமன்றங்கள் தந்த விளக்கம் விரிவானது. கட்டடம் மட்டுமன்றி முற்றமும், தோட்டமும், பழமரங்களும் அதில் அடங்கும். ஆகவே, தான் தண்ணீர் ஊற்றிய மாமரத்தின் அடியில் பிரபா உட்காரலாம். அதில் தனக்கு வரவேண்டிய பங்கைப் பிரித்துத் தரும்படி கேட்கலாகாது.

இந்த 23-ஆவது பிரிவு 2005-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலமே நீக்கப்பட்டது. அதே திருத்தம் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளையும் பிறப்பால் உரிமையுள்ள பங்காளியாக்கியது. தந்தை அந்த நாளில் உயிருடன் இருந்திருக்க வேண்டுமா என்ற குழப்பம் அதன் பிறகும் நீடித்து, 2020 ஆகஸ்ட் மாதம் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு "தேவையில்லை" என்று தீர்ப்பளித்த பிறகே தீர்ந்தது. தில்லியில் 2005 வரை காத்திருந்த பங்காளி உரிமை தமிழகப் பெண்களுக்கு 1989-ஆம் ஆண்டு மாநிலத் திருத்தத்திலேயே கிடைத்துவிட்டது. அதற்கும் 60 ஆண்டுகளுக்கு முன்பே, 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பெண்களுக்குச் சொத்துரிமை கோரித் தீர்மானம் நிறைவேற்றியிருந்தது. மகாராஷ்டிரம் 1994-இல் அந்த வழிக்கு வந்தது. எல்குஞ்ச்வார் இந்தக் குடும்பத்தின் கதையை மேலும் இரண்டு நாடகங்களில் தொடர்ந்தார். மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து, பல மணிநேரத் தொடர் நிகழ்ச்சியாகச் சந்திரகாந்த் குல்கர்ணி மேடையேற்றியதும் அதே 1994-இல்தான். மூன்றாவது நாடகத்தில் ஊரையே வறட்சி விழுங்கிக்கொண்டிருக்கிறது. பங்கு கேட்பதற்கு மரம் எதுவும் மிஞ்சவில்லை.

பின்சுவர் விலகும்போது

தண்ணீர் ஊற்றுபவரை விட்டு, தோட்டத்தை ஆள்பவரை நேருக்கு நேர் பார்க்கும் நாடகமும் உண்டு. பெங்களூரைச் சேர்ந்த மகேஷ் தத்தானியின் "டான்ஸ் லைக் எ மேன்" 1989-இல் அந்த நகரில் முதலில் நடந்தது. பின்னர் லில்லெட் துபேயின் இயக்கத்தில் நாடெங்கும் பலமுறை நடைபெற்றது. நகரின் நடுவே ஒரு பழைய வீட்டின் கூடம்தான் களம். ஆனால், நாடகாசிரியரின் மேடைக் குறிப்பின்படி, கூடத்தின் பின்சுவர் இருபுறமும் விலகும். அப்போது நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய, நன்கு பராமரிக்கப்பட்ட தோட்டம் தெரியும். கடந்தகாலம் அந்த வழியாகத்தான் வீட்டுக்குள் வருகிறது.

அந்தக் காலத்தின் அதிபதி அம்ருத்லால் பரேக். நாட்டு விடுதலைக்குப் பாடுபட்டவர், சமூகச் சீர்திருத்தவாதி. அவரது மகன் ஜெயராஜ் பரதநாட்டியம் ஆட விரும்புகிறார். ஆண்மகன் ஆடுவதா என்பதை அந்தச் சீர்திருத்தவாதியால் தாங்க முடியவில்லை. மருமகள் ரத்னா முதிய தேவதாசி ஒருவரிடம் சென்று பழைய பாணியைக் கற்பதையும் அவர் ஏற்கவில்லை. தேவதாசி முறை ஒழிய வேண்டும் என்பது அவரது கொள்கை. அந்தக் கலையைக் கையில் வைத்திருந்த பெண் அவரது வீட்டாருக்குத் தீண்டத்தகாதவர். 1947-ஆம் ஆண்டுச் சென்னை மாகாணச் சட்டத்தையும் அதைச் சுற்றி எழுந்த விவாதங்களையும் அறிந்த தமிழ் வாசகருக்கு இந்த முரண் புதிதாக இராது. வீட்டை விட்டு வெளியேறும் மகனும் மருமகளும், பிழைக்க வழியின்றி 48 மணி நேரத்தில் திரும்பி வந்துவிடுகிறார்கள். பிறகு மாமனாருக்கும் மருமகளுக்கும் இடையே ஓர் உடன்பாடு: ரத்னா ஆடலாம், ஜெயராஜை நடனத்திலிருந்து விலக்க அவர் துணைபுரிய வேண்டும்.

கொள்கைகள் எவையானாலும் அந்த வீட்டில் கடைசிச் சொல் பணப்பெட்டி வைத்திருப்பவருடையது. நன்கு கத்தரித்த தோட்டம் அதன் கண்கண்ட சான்று. எது வளரலாம், எது வெட்டப்பட வேண்டும் என்பது அங்கே தீர்மானிக்கப்பட்டுவிட்டது. இந்த நாடகத்தைப் பமீலா ரூக்ஸ் பின்னர் திரைப்படமாக்கினார். ஆயினும், மேடையில் ஒரு சுவர் விலகுவதால் கிடைக்கும் அதிர்ச்சியைப் படச்சுருளால் தர இயலாது என்றே தோன்றுகிறது.

விஜய் டெண்டுல்கரின் "கிதாடே" இதன் மறுபக்கம். தந்தையின் பணத்துக்காகப் பிள்ளைகள் ஒருவரையொருவர் கொத்திக் கிழிக்கும் அந்த நாடகத்தில் தோட்டம் என்று பேசத்தக்க எதுவும் இல்லை. முறையான திருமணத்தில் பிறக்காத மகன் ரஜனிநாத், வீட்டை ஒட்டிய கார் கொட்டகையில் வாழ்கிறார். வீட்டு வளாகத்துக்குள் இருப்பவர், வீட்டுக்குள் இல்லை. உறவுக்கும் உரிமைக்கும் இடையிலுள்ள தூரத்தைச் சில அடிகளில் டெண்டுல்கர் அளந்துவிட்டார்.

செகாவின் நாடகம் கோடரிச் சத்தத்துடன் முடிகிறது. பூட்டிய வீட்டுக்குள் கிழட்டு வேலைக்காரர் ஃபிர்ஸை எல்லோரும் மறந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். வெளியே மரங்கள் விழுகின்றன. மரம் விழுவதற்குச் சற்று முன்னரே அதன் சட்டப் பெயர் மாறிவிடுகிறது என்பது இந்தியச் சட்டத்தின் ஒரு விநோதம். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின்படி, மண்ணில் வேரூன்றி நிற்கும் மரம் அசையாச் சொத்தாகும். வெட்டுவதற்கென நிற்கும் மரமோ அதில் சேராது. மண்ணிலிருந்து சாரம் உறிஞ்சி மேலும் வளர்ந்து கனி தரவேண்டும் என்பது நோக்கமானால் அது நிலத்தின் பகுதி; விரைவில் வெட்டப்படும் என்பது நோக்கமானால் வெறும் சரக்கு என்று உச்ச நீதிமன்றம் 1958-ஆம் ஆண்டு சாந்தாபாய் வழக்கில் பிரித்துக் காட்டியது. மரத்தில் எந்த மாற்றமும் இல்லை. அதை வைத்திருப்பவரின் மனத்தில்தான் மாற்றம்.

தில்லியில் அந்த மனமாற்றத்துக்கு ஒரு விண்ணப்பம் தேவை. 1994-ஆம் ஆண்டின் தில்லி மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி, சொந்த வீட்டு மரமானாலும், மர அதிகாரியின் அனுமதியின்றி வெட்டக் கூடாது. அண்ணன் தம்பிகள் ஒப்பந்ததாரருடன் கையெழுத்திட்ட பிறகு எஞ்சும் தடைகளில் அதுவும் ஒன்று. விண்ணப்பத்துடன் நிலத்தின் உரிமைக்கான சான்று, மரங்களின் எண்ணிக்கை, வகை, அடிமரத்தின் சுற்றளவு, வெட்டுவதற்கான காரணம் ஆகியவற்றைத் தெரிவிக்க வேண்டும் என்கிறது சட்டம். மரத்தை நட்டவர் யார் என்று அது கேட்பதில்லை.